எல்லோர் கையிலும் ஒரே வேகம்: ஃபோம் டார்ட் துப்பாக்கி பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

முழு ஆண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிய கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, பலர் கூடி அணி பிரிந்து விளையாடும், நுரையால் ஆன சிறு குண்டுகளைச் (டார்ட்) சுடும் ஃபோம் டார்ட் பொம்மைத் துப்பாக்கிகளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்களின் பெயரைத் தவிர்த்து, அவர்கள் வசிக்கும் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் 7 வயது முதல் 14 வயது வரை 12 பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் எல்லோரும் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, விடுமுறைக்கு இந்தத் துப்பாக்கிகளை வாங்கித் தரலாம் என்று பேசியிருக்கிறோம். அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வாங்கட்டும் என்கிறார்கள் சிலர்; எல்லோருக்கும் ஒன்றுபோலவே வாங்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
*— வாசகி, பெரும்பாக்கம்*

ஒன்றுபோலவே வாங்குங்கள். ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டார்ட்டைச் செருகிச் சுடும் சிறிய துப்பாக்கியோடு நிற்க, எதிரே இருக்கும் பிள்ளை விசையை அழுத்திப் பிடித்தாலே வரிசையாகப் பாயும் மோட்டார் துப்பாக்கியோடு நின்றால், இரண்டு சுற்று முடிவதற்குள் முதல் பிள்ளை விளையாட்டை விட்டு விலகிவிடும். அதன் பிறகு மீதிப் பணத்தில் என்ன வாங்கினாலும் குழு கூடாது. கூட்டாக விளையாடுவதற்கு வாங்கும் பொருளில் தனித்தனி விருப்பத்தைவிட, எல்லோர் கையிலும் ஒரே வேகமும் ஒரே எண்ணிக்கையும் இருப்பதே முதலில் பார்க்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

டார்ட்டின் அளவும் இதே முடிவுக்குத்தான் கொண்டுவருகிறது. ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் நெர்ஃப் பிராண்டில் வரும் எலைட் வகை டார்ட் சுமார் 7 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் தடிமனும் சுமார் ஒரு கிராம் எடையும் கொண்டது. எக்ஸ்-ஷாட் போன்ற மற்ற பிராண்டுகளும் இந்த அளவில் டார்ட் விற்பதால், தொலைந்தால் மாற்று கிடைப்பது எளிது. அதே நெர்ஃபின் மெகா வகை டார்ட் இதைவிடத் தடிமனானது. ரைவல் வகையில் டார்ட்டுக்குப் பதிலாகச் சிறு நுரைப் பந்துகள் பயன்படுகின்றன. அல்ட்ரா வகைக்கு அதற்கென்றே தனி டார்ட் வேண்டும். மூன்று நான்கு வகைகள் கலந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தரையில் கிடப்பவற்றைப் பொறுக்கிப் பிரிப்பதிலேயே பிள்ளைகளின் மாலை கழிந்துவிடும்.

இனி எந்த வகை என்பது. ஸ்பிரிங்கை இழுத்துச் சுடுபவை, மோட்டார் சக்கரங்களின் இடையே டார்ட்டைத் தள்ளிச் சுடுபவை, பம்ப் அடித்துக் காற்றை நிரப்பிச் சுடுபவை என மூன்று வகைகள் உண்டு. உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு, ஆறு டார்ட் கொள்ளும் சுழல் உருளையுடன் கூடிய ஸ்பிரிங் வகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நெர்ஃப் எலைட் 2.0 வரிசையில் உள்ள கமாண்டர் இந்த வகையைச் சேர்ந்தது. எத்தனை டார்ட் மீதி இருக்கிறது என்பது முன்பக்கத்திலேயே தெரியும். காலியான துளையை மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பேட்டரிச் செலவும் இல்லை. மேகசின் என்ற செருகு பெட்டியில் டார்ட்டுகளை அடுக்கும் துப்பாக்கிகளிலோ, வளைந்த டார்ட் ஒன்று நடுவில் வந்தாலும் சிக்கிக்கொள்ளும். சின்னக் கைகளால் அதை எடுக்கத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் பெரியவர்களைத் தேடி வருவார்கள்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, குழுவில் எட்டு வயது நிரம்பியவர்களிலேயே வயதிலும் உடல் வாகிலும் சிறிய பிள்ளையிடம் கொடுத்து, இடைவிடாமல் பத்து முறை இழுத்துச் சுடச் சொல்லுங்கள். ஏழாவது எட்டாவது முறையில் துப்பாக்கியை வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுக்கத் தொடங்கினால், அந்த ஸ்பிரிங் அந்தக் கைக்கு அதிகம் என்று பொருள். அப்படி இழுக்கும்போது துப்பாக்கியின் வாய் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதையும் கவனியுங்கள். விரல் விசைக்கு எட்டுகிறதா, இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையால் இழுக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்த வகைப் பெட்டிகளில் 8 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சிட்டிருப்பதால், ஏழு வயதுப் பிள்ளையை இந்த ஆண்டு கொடிக் காவலுக்கோ புள்ளி எழுதவோ வைத்துக்கொள்வது நல்லது.

பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாமல், ஆளுக்கு ஒரு கண் பாதுகாப்புக் கண்ணாடியும் இருபது டார்ட்டாவது வரும் அளவுக்கு உபரியும் வாங்க மீதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ‘27 மீட்டர் வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் சுட்டுப் பார்த்தால் பத்து மீட்டர்கூடப் போகவில்லை. கடையில் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?
*— வாசகர், அம்பத்தூர்*

அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ‘வரை’ என்ற அந்தச் சொல், துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்துச் சுடும்போது கிடைக்கும் உச்சத் தொலைவைக் குறிக்கிறது. தரைக்கு இணையாகச் சுட்டால் கணக்கு வேறு. இவ்வகைத் துப்பாக்கியிலிருந்து டார்ட் ஏறத்தாழ நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒரு சிறுவனின் மார்பு உயரமான 1.2 மீட்டரிலிருந்து எந்தப் பொருள் விழுந்தாலும் அரை நொடியில் தரையைத் தொட்டுவிடும். அந்த அரை நொடியில் 21 மீட்டர் வேகத்துக்குப் பத்து மீட்டர்தான் கடக்க முடியும். ஒரு கிராம் எடையுள்ள நுரையைக் காற்று தடுப்பதால், அதிலும் கொஞ்சம் குறையும். ஆகவே நீங்கள் கண்டது இயல்பான தொலைவுதான். குழு விளையாட்டுக்கு ஐந்து முதல் எட்டு மீட்டருக்குள் நேராகப் போகிறதா என்பதே முக்கியம். அதை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையை இரண்டாக மடித்து, மேல் விளிம்பில் மட்டும் கிளிப் போட்டு, அடிப்பக்கத்தை அசையும்படி விட்டுத் தொங்கவிடுங்கள். சுவரில் பட்ட டார்ட் நாலா பக்கமும் சிதறும், சில கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவிலும் போய் விழும். தளர்வாகத் தொங்கும் போர்வையோ டார்ட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு, அதைத் தன் காலடியிலேயே போட்டுவிடும். நடுவில் செய்தித்தாளின் ஒரு முழு விரிப்பைக் குத்திவிட்டு, ஐந்து மீட்டரிலிருந்து பத்தும் எட்டு மீட்டரிலிருந்து பத்தும் சுடுங்கள். ஐந்து மீட்டரில் குறைந்தது ஒன்பது டார்ட் தாளில் பட வேண்டும். எட்டு மீட்டரில் ஆறு பட்டாலும் விளையாட்டுக்குப் போதும்.

தவறுபவை டார்ட்டின் குற்றமா, துப்பாக்கியின் குற்றமா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டார்ட்டுகளில் பேனாவால் எண்ணிடுங்கள். உருளையின் ஆறு துளைகளுக்கும் பக்கத்தில் 1 முதல் 6 வரை சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எந்தத் துளையில் போட்டாலும் அதே டார்ட் கோணிக்கொண்டு போனால், அதன் தலைப்பகுதியின் பசை விட்டிருக்கும் அல்லது கழுத்தில் நுரை மடிந்திருக்கும், அதைக் கழித்துவிடலாம். எந்த டார்ட்டைப் போட்டாலும் நான்காம் துளையிலிருந்து மட்டும் தளர்ந்து விழுந்தால், உருளை அந்த இடத்தில் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிகிறது. அப்போது பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சோதனையைக் காலையிலேயே செய்யுங்கள். கோடையில் பிற்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்துவிட்டால், இவ்வளவு எடை குறைந்த பொருளின் போக்கு எதையும் சொல்லாது. டார்ட் இல்லாமல் வெறுமனே இழுத்து இழுத்துச் சுடுவதையும், ஸ்பிரிங்கை இழுத்த நிலையிலேயே அலமாரியில் வைப்பதையும் பிள்ளைகள் செய்யவிடாதீர்கள். இரண்டுமே உள்ளிருக்கும் பாகங்களைத் தளர்த்திவிடும்.

நுரைதானே, பட்டால் என்ன ஆகிவிடும் என்கிறான் என் பேரன். அவன் ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுபவன். அதுவே கண்ணுக்குப் பாதுகாப்பாகிவிடாதா?
*— வாசகி, மயிலாப்பூர்*

ஆகாது, அம்மா. உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், இத்தகைய பொம்மைத் துப்பாக்கியின் டார்ட் கண்ணில் பட்டு வந்த மூன்று பேரைப் பற்றி 2017-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மூவருக்கும் கண்ணின் முன்னறையில் இரத்தம் கசிந்திருந்தது. ஒருவர் 11 வயதுச் சிறுவன், மற்ற இருவரும் பெரியவர்கள்.

ஒரு கிராம் நுரையால் இது எப்படி நேர்கிறது என்று தோன்றலாம். பெரிய பந்து ஒன்று முகத்தில் பட்டால், கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு அந்த அடியில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள டார்ட்டோ அந்த எலும்பைத் தொடாமலே குழிக்குள் நுழைந்து நேரே விழியில் மோதும் அளவுக்குச் சிறியது. அதன் தலையில் இருப்பதும் நுரையைவிடக் கெட்டியான ரப்பர்.

பவர் கண்ணாடி அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் பக்கவாட்டிலும் திறந்த இடைவெளி இருக்கிறது. பாலிகார்பனேட்டால் ஆன பாதுகாப்புக் கண்ணாடிகளில், பவர் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அகன்ற வகையும் கிடைக்கிறது. பாரிமுனைப் பக்கம் தொழிற்கூடங்களுக்கான பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேளுங்கள். கண்ணாடியின் ஃபிரேமில் ‘இஎன் 166’ (EN 166) அல்லது ‘இசட் 87’ (Z87) என்ற பாதுகாப்புத் தரக் குறி பொறித்திருக்க வேண்டும். பேரனையும் கையோடு அழைத்துப் போய், குனிந்து நிமிர்ந்து தலையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நழுவினால் பின்புறம் பட்டை உள்ளதை வாங்குங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முக்கியக் காரணம், வியர்வையில் உள்பக்கம் ஆவி படிந்து எதிரே இருப்பது தெரியாமல் போவதுதான். எனவே காற்றுத் துளை உள்ளதாகப் பார்ப்பதோடு, ஆடுகளத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் கண்ணாடி துடைப்பதற்கென்றே ஒதுக்கி, அங்கே யாரும் சுடக் கூடாது என்று விதி வையுங்கள். களத்தின் நடுவில் யாராவது கண்ணாடியைக் கழற்றினால் அந்த நொடியே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைகளும் கண்ணாடி போட வேண்டும், இல்லையென்றால் சுவருக்கு அப்பால் இருக்க வேண்டும். மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டால் சுடாமல் ‘பிடிச்சாச்சு’ என்று சொன்னாலே எதிராளி வெளியேறிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்கவோ வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடவோ கூடாது. பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, வலி குறைந்துவிட்டது என்று அவன் சொன்னாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் நாம் வசிக்கிறோம். விடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

தெருக்கடையில் பெயரே இல்லாத துப்பாக்கிகள் கால்வாசி விலைக்குக் கிடைக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்த ஜெல் உருண்டையைச் சுடும் வகையும் அங்கே இருக்கிறது. வாங்கலாமா?
*— வாசகர், வியாசர்பாடி*

2020-ஆம் ஆண்டின் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பதால், 14 வயதுக்குட்பட்டவர்களுக்காக இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருப்பது கட்டாயம். முத்திரையோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். முத்திரை இல்லாததை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், டார்ட்டின் தலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அது பெயர்ந்து வந்தால், பறக்கும்போதும் பெயரும், சிறு குழந்தையின் வாய்க்குள்ளும் போகும்.

ஜெல் உருண்டை வகை வேண்டவே வேண்டாம். காய்ந்த நிலையில் கடுகளவே இருக்கும் அந்த மணியைக் குழந்தை விழுங்கிவிட்டால், உள்ளே ஈரத்தை உறிஞ்சிப் பெருத்துக் குடலை அடைத்துவிடக்கூடும். மணி மணியாகச் சிதறும் பொருளை வீடு முழுவதும் தேடி எடுப்பதும் நடக்காத காரியம்.

என் மகன் மோட்டார் வகை ஒன்று வைத்திருக்கிறான். நான்கு பேட்டரி போட வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், அதே அளவில் அதிக சக்தியுள்ள லித்தியம் பேட்டரி போட்டால் வேகமும் கூடும் என்றார்.
*— வாசகர், வேளச்சேரி*

அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். பென்டார்ச் பேட்டரி அளவிலேயே இருக்கும் அந்த 14500 வகை லித்தியம் செல் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் தரும். சாதாரண செல் தருவது 1.5 வோல்ட். நான்கு சேரும்போது 6 வோல்ட்டுக்காக அமைத்த பொம்மைக்குள் கிட்டத்தட்ட 15 வோல்ட் பாயும். மோட்டாரும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளும் சூடேறிக் கருகும். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல் தீப்பிடிக்கவும் கூடும். அவன் குழுவில் மற்றவர்கள் எதிர்பாராத வேகத்தில் டார்ட் பாயும் என்பதும் இதில் சேர்ந்த ஆபத்து.

சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையும் அதற்கான சார்ஜரையும் அதே தெருவிலேயே வாங்குங்கள். அவற்றின் அளவு 1.2 வோல்ட் என்றாலும், மோட்டார் ஒரே நேரத்தில் அதிக மின்சாரத்தை இழுக்கும்போது அல்கலைன் செல்லைவிடத் தளராமல் கொடுக்கும். சுட்ட பிறகும் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே திரியும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். பேட்டரி வீணாவது பெரும்பாலும் அதனால்தான். விடுமுறை முடிந்ததும் செல்களைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் தினமும் ‘பட்டுச்சு’, ‘படலை’ என்று சண்டையில்தான் முடிகிறது. வேறு விதமாக விளையாட வழி உண்டா?
*— வாசகி, முகப்பேர்*

சட்டை தொளதொளவென்று இருந்தால் டார்ட் பட்டது உண்மையிலேயே தெரியாது. ஆகையால் ‘படலை’ என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சந்தேகம் வந்தால் இருவரும் தங்கள் எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வர வேண்டும் என்று விதி வைத்தால், வாதாடுவதில் யாருக்கும் லாபம் இருக்காது.

அதைவிட முக்கியம், பட்டவுடன் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றும் முறையைக் கைவிடுவது. வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம் நீள நீளத்தான் ஒப்புக்கொள்ள மனம் வராமல் போகிறது. நம் பிள்ளைகள் விளையாடும் ‘லாக் அண்ட் கீ’யையே இதற்குப் பயன்படுத்தலாம்: டார்ட் பட்டவர் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி நிற்க வேண்டும், தன் அணியைச் சேர்ந்தவர் ஓடி வந்து தொட்டால் மீண்டும் ஓடலாம். இதில் சுடத் தெரியாத பிள்ளைக்கும் ஓடிப்போய் விடுவிக்கும் வேலை இருப்பதால், அந்தப் பிள்ளையும் அணிக்குத் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் கவுச்சர் கல்லூரி மாணவர்கள் 2005-இல் தொடங்கிய ‘மனிதர்களும் ஜாம்பிகளும்’ என்ற ஆட்டமும் யாரையும் உட்காரவைப்பதில்லை. ஜாம்பிகளின் கையில் ஆயுதம் கிடையாது. அவர்கள் தொட்டால் தொடப்பட்டவரும் ஜாம்பியாகிவிடுவார். டார்ட் பட்ட ஜாம்பி சிறிது நேரம் செயலிழந்து நிற்கும். துப்பாக்கி பற்றாக்குறை உள்ள குடியிருப்புகளுக்கு இது மிகவும் பொருத்தம்.

சுற்றுக்குச் சுற்று ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து டார்ட் பொறுக்கட்டும். கார் நிறுத்தும் தளத்தில் விளையாடுவதாக இருந்தால், வண்டி வரும் நேரத்தை வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மழையில் நனைந்த டார்ட்டைப் பிழியாமல், நிழலில் உலர்த்தி எடுங்கள்.

அலுவலக நண்பர்கள் பாதி நீளமுள்ள டார்ட்டைச் சுடும் வேகமான துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?
*— வாசகர், தாம்பரம்*

அந்தத் துப்பாக்கிகளோடு கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். நொடிக்கு 21 மீட்டரில் பாயும் ஒரு கிராம் டார்ட்டின் ஆற்றல் சுமார் 0.22 ஜூல், உங்கள் வகையில் 45 மீட்டர் வேகம் சாதாரணம், அதே எடைக்கு அது ஒரு ஜூலைத் தாண்டும். பிள்ளைகள் வரும் ஞாயிறுகளில் உங்களுடையவற்றைப் பையிலேயே வைத்துவிட்டு, அவர்கள் பயன்படுத்தும் அதே வகையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எவ்வளவு வேகம் என்பதில் ஐயம் இருந்தால், களத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வெற்றுச் சுவரில் சுட்டுப் பார்த்து, மற்றவற்றைவிட ஓங்கி அறைவதை ஒதுக்கிவைத்துவிட்டு அணி பிரியுங்கள்.